தோல்ஷாப்பு ஏணியை நான் மேலே இழுத்தது குறித்து

என் பெயர் பேராச்சி. வயது நாற்பத்தொன்று. காலஞ்சென்ற வானமாமலையின் மனைவி. பிள்ளைகள் இல்லை. சொந்த ஊர் திருநெல்வேலி ஜில்லா, நாங்குனேரிப் பக்கம். தற்சமயம் பம்பாய் தாராவியில் மாஹிம் உப்பங்கழியோரக் குடிசையில் வசிக்கிறேன். அப்துல் ரவூப் முதலாளியின் தோல்ஷாப்பில் தோல் அலசிக் காயப்போடும் வேலை. எனக்கு மராட்டி வராது, இந்தி அரைகுறை. ஆகையால் போலீசார் மாட்டுங்காவிலிருந்து வேங்கடசுப்ரமணியன் என்ற குமாஸ்தாவை வரவழைத்து, நான் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதச் செய்கிறார்கள். என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை.

நேற்று, 1967 டிசம்பர் 11, திங்கட்கிழமை விடியுமுன் நாலரை மணி சுமாருக்குப் பூமி ஆடியது. எல்லோரும் தெருவுக்கு ஓடி வந்தோம். அதன் பிறகு ஆட்டம் நின்று, மற்றவர்கள் சிரித்துப் பேசி அடுப்பு மூட்டப் போனார்கள். நான் மட்டும் குடிசைக்குள் போகாமல் தெருவிலேயே நின்றேன்.

காரணம் சொல்ல வேண்டும். குமாஸ்தா ஐயா, "பழைய கதையெல்லாம் வேண்டாம்மா, நேத்திக்கு நடந்ததை மட்டும் சொல்லுங்கோ" என்றார். அது இல்லாமல் இது இல்லை என்றேன். எழுதிக்கொண்டார்.

1945 நவம்பர் மாதம் நானும் என் புருஷனும் வெர்சோவாவில் மீன் காயப்போடும் வேலையில் இருந்தோம். ஒரு நாள் காலை எட்டு மணிக்கு மேல், காற்றும் இல்லை மழையும் இல்லை, கடல் எழும்பிக் கரைக்குள் வந்தது. மேட்டுக்கு ஓடித் தப்பினோம். அதன் பிறகு தண்ணீர் வந்த வழியே வற்றிப் போனது, சேறு தெரிந்தது, மீன் துள்ளியது. அவ்வளவுதான், முடிந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். என் புருஷன் கூடையை எடுத்து வருகிறேன் என்று இறங்கினார். போகாதீர் என்று நான் சொல்லவில்லை. கடல் இரண்டாம் முறை வந்தது. மூன்றாம் நாள்தான் அவர் கிடைத்தார். கராச்சிக்கு அப்பால் கடலுக்கடியில் பூமி ஆடியது, அது நடந்தது விடியுமுன், அலை இங்கே வந்து சேர நாலைந்து மணி நேரம் ஆனது என்று பிற்பாடு பேப்பர் படித்தவர்கள் சொன்னார்கள். முதல் அலையோடு முடிந்தது என்று எவனும் நம்பக்கூடாது, உயரத்தில் ஏறினவன் அரை நாளாவது இறங்கக்கூடாது என்று அன்றே மனதில் எழுதிக்கொண்டேன்.

நேற்று எட்டு மணிக்கு வேலைக்குப் போனதும் கழியைப் பார்த்தேன். தண்ணீர் வெகுவாக இறங்கிச் சேறு தெரிந்தது. விடியுமுன் ஆட்டம், இப்போது எட்டு மணி, கணக்கு அப்படியே பொருந்தியது. கடல் வருது, மாடிக்கு ஏறுங்க என்று தொண்டை கிழியக் கத்தினேன். முதலாளி, "ஏ பேராச்சி, கிறுக்கு புடிச்சிருக்கா ஒனக்கு?" என்றார். ஆனால் காலையில் சிரித்தவர்களுக்கும் விடியுமுன் ஆடிய பயம் உள்ளுக்குள் தெளியவில்லை; ஷாப்பில் இருந்தவர்களும் குடிசைகளில் இருந்தவர்களுமாக முப்பது பேருக்கு மேல் மொட்டைமாடிக்கு ஏறினார்கள். கடைசியில் முதலாளியும் ஏறினார்.

அந்த மாடிக்குப் படிக்கட்டு கிடையாது, மூங்கில் ஏணிதான். மேலே காயும் தோலை யாரும் களவாடாதிருக்க, மேலே ஆள் இருந்தால் ஏணியை இழுத்து வைத்துக் கயிற்றால் கட்டுவது ஷாப்பு வழக்கம். கடைசி ஆள் ஏறியதும் நான் ஏணியை இழுத்துக் கட்டினேன். தோலுக்காக அல்ல. யாரும் கூடை எடுக்க இறங்கக்கூடாது என்பதற்காக.

ஒன்பது மணி சுமாருக்குப் பூமாரி, என்னோடு தோல் அலசுகிறவள், வயது இருபத்துநாலு, கூட்டத்தில் சொர்ணம்மாளைத் தேடிப் பிடித்தாள். பூமாரியின் ஏழு மாதப் பெண் குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்வது பக்கத்துக் குடிசைச் சொர்ணம்மாள்தான். பூமாரி, "யக்கா, பிள்ளைய எங்க?" என்றாள். சொர்ணம்மாள், "நீ எடுத்துட்டு ஏறிட்டேன்னுல்லாட்டீ நெனச்சேன்" என்றாள். குழந்தை குடிசையில் தொட்டிலில் கிடந்தது.

பூமாரி என்னிடம் ஓடி வந்து ஏணியைக் கேட்டாள். நான், "மாட்டேன்ட்டீ. இப்பம் எறங்குனா நீயும் வரமாட்ட, பிள்ளையும் வராது" என்றேன். காலில் விழுந்தாள். மாட்டேன் என்றேன். சிலர் கொடு என்றார்கள், சிலர் கொடுக்காதே என்றார்கள். அதன் பிறகு அவள் எழுந்து, "ஒரு பிள்ளையப் பெத்திருந்தா ஒனக்குத் தெரியும்" என்றாள். அந்தச் சொல் என்னைச் சுட்டது. அதுவரை பயத்தில் பிடித்திருந்த கயிற்றை அதன் பிறகு ஆத்திரத்தில் இறுக்கினேன். இதையும் அப்படியே எழுதும்படி குமாஸ்தா ஐயாவிடம் சொன்னேன்.

அதன் பிறகு பூமாரி கைப்பிடிச் சுவரைத் தாண்டி, விளிம்பைப் பிடித்துத் தொங்கி, கையை விட்டாள். கீழே தோல் அலசும் கல் இருந்தது. விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

நான் ஏணியை இறக்கி முதல் ஆளாக இறங்கினேன். பூமாரிக்கு மூச்சு இருந்தது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. அவளைத் தூக்க நான் நிற்கவில்லை. கழியோரம் ஓடிக் குழந்தையை எடுத்துக்கொண்டு திரும்பினேன். அதற்குள் எல்லோரும் இறங்கி அவளைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் யாரையும் பார்க்காமல் குழந்தையோடு மேலே ஏறி ஏணியை இழுத்துக்கொண்டேன்.

பத்தரை மணி வரை குழந்தை விளையாடியது. அதன் பிறகு பசிக்கு அழுதது. விரலைச் சப்பக் கொடுத்தேன், துப்பியது. என் மார்பை முட்டியது. அங்கே என்ன இருக்கிறது? நீலம் பாரித்து வீறிட்டது. கடல் வரும் என்று அந்த நேரத்திலும் நான் நம்பினேன். சத்தியமாக நம்பினேன். நம்பிக்கொண்டேதான் ஏணியை இறக்கி, குழந்தைக்குப் பால் தேடிக் கீழே போனேன்.

கடல் வரவில்லை. ஆடியது கோயனா அணைப் பக்கம், மலைக்குள்ளே. கடலுக்கடியில் ஆடினால்தான் அப்படி அலை வரும். நான் பார்த்தது தினப்படி நடக்கும் நீர்வற்றம்தான் என்று குமாஸ்தா ஐயா சொன்னார். பூமாரி இனி நடப்பது சந்தேகம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதாகவும் சொன்னார்.

முதலாளி சொல்லி ஏணியை இழுத்தாயா என்று போலீசார் கேட்டதற்கு, இல்லை, நானாக இழுத்தேன் என்கிறேன். செய்தது தப்பா என்று கேட்டதற்கு, மேலே ஏறச் சொன்னது தப்பில்லை என்கிறேன். ஏணியை இழுக்குமுன் யார் பிள்ளை கீழே இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பூமாரி கெஞ்சியபோது இறக்காத ஏணியை ஒரு வேளைப் பாலுக்காக இறக்கினேன். அவள் கேட்டதும் அந்தப் பிள்ளைக்காகத்தானே ஐயா.

எழுதியதை எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னது விடுபடவில்லை, சொல்லாதது சேரவில்லை. இதில் உள்ளது முழுதும் உண்மை என்று அறிந்து, என் இடது கைப் பெருவிரல் ரேகை வைக்கிறேன்.

(பேராச்சி, இ.கை.பெ.வி. ரேகை)
12-12-1967, தாராவி, பம்பாய்