மடிக்காத துணி

"வீட்டுக்கு வந்து போட்டோ எடுக்கற பொண்ணு, வீட்டைப் பெருக்கவே வேணாம்னு முன்னாடியே போன் பண்ணிச் சொல்லிட்டாக்கா."

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் போகும் பேருந்தில், முன் இருக்கை இளம்பெண் பக்கத்திலிருந்த மூத்தவரிடம் இப்படிச் சொன்னதும், நான் பாட்டுக் கேட்கக் காதில் மாட்டியிருந்த இயர்போனைக் கழற்றிவிட்டேன்.

"பெருக்காமலா விட்டே?"

"மனசு கேக்குமா? பெருக்கித் துடைச்சு, பசங்களுக்குப் பட்டு போட்டு, சோஃபா மேல கெடந்த துவைச்ச துணியெல்லாம் ரூமுக்குள்ள தள்ளிக் கதவைச் சாத்திட்டேன். வந்தவ கேமராவையே வெளிய எடுக்கல. பசங்களோட தரையில உக்காந்து, 'ஞாயித்துக்கெழமைன்னா என்ன பண்ணுவீங்க?'ன்னு கேட்டா. 'அப்பா துணி மடிப்பாரு, நாங்க கலைப்போம்'னு சின்னவன் போட்டுக் குடுத்துட்டான்."

"ஐயோ!"

"அந்தத் துணியைக் கொண்டாங்கன்னுட்டா. கொண்டாந்து கொட்டினோம். அப்புறம் அவ இருக்கறதே மறந்துபோச்சு. என்ன பொறுமைங்கறீங்க! ரெண்டு மணி நேரத்துல ஒரு தடவைகூட 'இங்க பாரு, சிரி'ன்னு சொல்லலக்கா. இதப் பாருங்க."

கைபேசியை நீட்டினாள். துணிக்குவியலுக்குள்ளிருந்து இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. பக்கத்தில் அப்பா, புடவையின் ஒரு முனையைத் தாடைக்கடியில் இடுக்கிக்கொண்டு மடித்துக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ அழகா இருக்குடி!"

மூத்தவர் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். பிள்ளைகளைத் தாண்டிப்போய், புடவை மடிக்கும் அந்தக் கைகளில் நிறுத்தினார்.

"உங்க வீட்டுக்கும் கூப்பிடுங்கக்கா. நம்பர் தர்றேன்."

"எங்க வீட்லயா? இருக்கற மாதிரியே எடுத்தா, படத்துல துணியும் நானும்தான் இருப்போம்."