மாதாமாதம் எட்டாயிரத்து ஐநூறு

– பையக் கீழ வை ஷிஜா. தம்பானூர் ஸ்டாண்டுல நின்னு எனக்க மானத்த வாங்காத.

– பஸ்ஸு ஏழரைக்கு. நீங்க கடையத் திறக்கப் போங்க.

– பெயிண்டுக் கடை ஒரு மணிக்கூர் பூட்டிக் கெடந்தா ஒண்ணும் வராது. எங்க போற? அக்கா வீட்டுக்கா? ரெண்டு நாள் சோறு போடுவா, கேட்டியா. மூணாம் நாள் எனக்கு போன் போட்டு, வந்து கூட்டிட்டுப் போங்கம்பா.

– எர்ணாகுளம் போறேன்.

– எர்ணாகுளத்துல ஒன்னய ஆரு தேடுறா? நர்சுக்குப் படிச்சிட்டு நாலு வருசமா மீன் கழுவினவள?

– வேலைய விடச் சொன்னது நீங்க, செல்வின்.

– ஓ, கெட்டினவனப் பேரு சொல்லுத அளவுக்கு ஆயாச்சா? விடச் சொன்னேன். ஒனக்க லோனையும் நான்தானே ஏத்துக்கிட்டேன்? நிச்சயத்துல பாஸ்டருக்க முன்னால மைக்க வாங்கிச் சொன்னேன், பொண்ணுக்க படிப்புக் கடன் இனி எனக்க கடன்னு. நகை கொறஞ்சுபோச்சுன்னு அம்மா மொகத்தத் தூக்கிட்டு இருந்தா, கேட்டியா. அப்பவும் சொன்னேன். எந்த மாப்பிள்ள சொல்லுவான்?

– எல்லாரும் கைதட்டினாங்க. ஓர்மை இருக்கு.

– அஞ்சாம் தேதியானா எட்டாயிரத்து ஐநூறு. ஒரு மாசம் முடக்கினேனா?

– இல்ல. அனுப்பின கையோட எங்கப்பாவுக்கு ஸ்கிரீன்ஷாட் போடுறதையும் முடக்கல.

– ஆருக்க புண்ணியத்துல தூங்குதாருன்னு அந்தாளுக்குத் தெரியாண்டாமா? சாலைச் சந்தையில அரிசி மூட்டை சொமந்த ஆளு. லோன் பேப்பர்ல ஒனக்குக் கீழ அவருக்க கையெழுத்து கெடக்கு, கேட்டியா. நான் நிறுத்தினா பேங்குக்காரன் ஒனக்க அப்பன் தாசையனுக்க வாசல்லதான் வந்து நிப்பான்.

– தெரியும். வேலைய விட்ட அன்னைக்கே பேங்குல போய்க் கேட்டேன். வேலை இல்லன்னு எழுதிக் குடுத்தா தவணையத் தள்ளி வைக்கப் பாக்கலாம், வட்டி ஏறிக்கிட்டேதான் இருக்கும்னாங்க. கல்யாணம் ஆனதால ஒண்ணும் மாறாதாம். கையெழுத்துப் போட்ட எங்க ரெண்டு பேரத்தான் கேப்பாங்களாம், மைக்குல பேசினவர இல்ல.

– பின்னே? அது தெரிஞ்சும் பையத் தூக்கிட்டு நிக்குதியே, புத்தி உண்டா? நடுவு ஒடிஞ்சு கட்டில்ல கெடக்குற மனுசன் எங்கேருந்து அடைப்பாரு? ஒனக்க படிப்புல வந்த கடன், ஒனக்க அப்பன் தலையில. வண்டியில ஏறு, வீட்டுக்குப் போவோம். இல்லன்னா இந்த மாசம் ஒரு பைசா வராது, கேட்டியா.

– அனுப்பாண்டாம்.

– என்னது?

– அப்பா மூட்டை சொமந்த காலத்துலேருந்து கட்டிட்டு வந்த சீட்டு விழுந்துது. மொத்தமும் கொண்டுபோய்க் கட்டி லோன முடிச்சாச்சு. ஒன்றரை வருசம் ஆச்சு.

– அப்ப நான் மாசாமாசம் அனுப்பினது?

– எனக்க அக்கவுண்டுக்குத்தானே வந்துது. நீங்க கடைக்குப் போன பெறவு போன்ல ஜெர்மன் படிச்சேன். பரீட்சைக்கும் அதுலதான் கட்டினேன். ஜெர்மனியில ஒரு ஆஸ்பத்திரியில வேலைக்கு எடுத்திருக்காங்க. நாளைக்கு எர்ணாகுளத்துல விசாவுக்கு வரச் சொல்லியிருக்கு.

– கள்ளி. ஒன்றரை வருசமா எனக்க காசத் தின்னுட்டு, ஒரு வார்த்தை சொன்னியா?

– பாக்கி எவ்வளவு இருக்குன்னு நீங்க ஒரு மாசமாவது கேட்டிருந்தா, சொல்லியிருப்பேன்.