மாமியாரின் மூன்றாவது தப்பு

— அத்தை, கையைத் தூக்கி ‘ஜட்ஜ்’னு கூப்பிடுங்கன்னு காலையிலேருந்து சொல்றேன். ‘மாப்பிள்ளை’ன்னு கத்தினா கார்டுப் போட்டி ஹால்ல பாதிப் பேர் திரும்பிப் பாக்குறாங்க.

— பாக்கட்டும். மாப்பிள்ளைதானே நீங்க? தப்பு நடந்துபோச்சு, அதான் கூப்பிட்டேன்.

— எதிர்ல ஆடுற டாக்டர் சார் ஏதாவது பண்ணாரா?

— அவரா? பல் டாக்டர்னு பேரு, ஆனா வாயில்லாப் பூச்சி. தப்பு என்னோடது. இந்த ஆந்தைக் கார்டு இருக்குல்ல, போன வாரம் ரெண்டு டிராகன் கார்டைக் குடுத்து மாத்தி வாங்கினேனே? இன்னைக்கு இப்பத்தான் முதல் தடவையா கைக்கு வந்துச்சு. போட்டேன், டெக்குக் கட்டுலேருந்து ரெண்டு கார்டு எடுத்துக்கிட்டேன். அப்புறம் கண்ணாடியை மாட்டிப் படிச்சா, ‘ஒரு கார்டு எடு’ன்னு போட்டிருக்கு.

— ஐயோ அத்தை.

— என்ன ஐயோ? தண்டனையைச் சொல்லுங்க.

— உங்களுக்கு ஏற்கெனவே ரெண்டு எச்சரிக்கை இருக்கு. டெக்கைக் கலைக்காம ஆரம்பிச்சது ஒன்னு, எதிராளி கார்டைத் தெரியாம உங்க டெக்குல சேத்துக்கிட்டது ஒன்னு. மூணாவதுன்னா இந்த ஆட்டமே போச்சு.

— தெரியும்.

— ஆளுக்கு ஒரு ஆட்டம் ஜெயிச்சிருக்கீங்க. இந்த செமி ஃபைனல் போனா ஃபைனலும் போச்சு. ரெண்டு வருஷமா சாப்பாட்டு மேசையில என்னை உக்காரவெச்சு ஆடி ஆடி உயிரை எடுத்தீங்களே, எல்லாம் இதுக்குத்தானே?

— அம்மா, நான் ஒன்னும் நினைச்சுக்க மாட்டேன். அந்த ஒரு கார்டைத் திருப்பி வெச்சிடுங்க. வலிக்காம முடிச்சிடலாம்.

— நீங்க சும்மா இருங்க டாக்டர். முப்பது வருஷம் ரயில்ல டிக்கெட் செக் பண்ணவ நான். சொந்தச் சித்தப்பாவுக்கே ஃபைன் போட்டிருக்கேன். மனுஷன் இன்னும் என் வீட்டு வாசலை மிதிக்கல. சட்டம்னா சட்டம்.

— உங்க பொண்ணுக்கு நான் என்ன பதில் சொல்றது?

— அவகிட்ட நான் பேசிக்கிறேன்.

— நீங்க பேசுவீங்க. அதுக்கப்புறம் அவ என்கிட்ட பேசுவா. மூணு நாளைக்குப் பேசுவா.

— அதெல்லாம் வீட்டுல. இப்ப அந்தத் தூண் பக்கம் பாருங்க. பெரிய ஜட்ஜ் நோட்டும் கையுமா உங்களையேதான் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. இன்னைக்குத்தானே உங்களுக்குப் பரீட்சை? மாமியார்னு சலுகை காட்டினா ஜட்ஜ் பேட்ஜ் குடுப்பாங்களா?

— குடுக்க மாட்டாங்க.

— அப்புறம் என்ன? எழுதுங்க.

— எழுதுறேன். ஆனா ஒன்னு மட்டும் புரியல அத்தை. கரண்ட் பில்லையே ரெண்டு தடவை படிக்கிற ஆளு நீங்க. இந்த ஆந்தையைப் படிக்காமயா போட்டீங்க?

— எழுத்து எறும்பு மாதிரி இருக்கு, கண்ணு தெரியல. விடுங்களேன்.

— அவங்க சொல்ல மாட்டாங்க தம்பி. நான் சொல்லட்டுமா?

— டாக்டர்! வாயை மூடுங்க!

— வாயைத் திறக்க வைக்கிறதுதாம்மா என் தொழிலே. தம்பி, காலையில ஆட்டத்துக்கு முன்னாடி கார்டு அடுக்கும்போது நான் பக்கத்து டேபிள். இவங்க கண்ணாடியைத் தேடிக்கிட்டே ஒரு ஜட்ஜைக் கூப்பிட்டு, இந்தக் கார்டுல என்ன போட்டிருக்குன்னு கேட்டாங்க. அவரு சரியாக்கூடப் பாக்கல, நடந்துக்கிட்டே ‘ரெண்டு எடுங்க’ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

— எந்த ஜட்ஜ்?

— ‘மாப்பிள்ளை’ன்னு கூப்பிட்டாங்க.

— அத்தை... ஜட்ஜ் தப்பாச் சொல்லி நீங்க பண்ணியிருந்தா உங்களுக்குத் தண்டனையே கிடையாது. கூட எடுத்த கார்டைத் திருப்பி வெச்சுட்டு ஆட்டத்தைத் தொடரலாம். ரூல் புக்குலயே இருக்கு.

— நானும் படிச்சிருக்கேன். அதுக்குப் பெரிய ஜட்ஜ் வரணும். தப்பாச் சொன்னது யாருன்னு கேப்பாங்க, நோட்டுல ஏத்துவாங்க. எனக்கென்ன, அடுத்த வருஷமும் ஃபைனல் வரும். நீங்க ஏற்கெனவே ரெண்டு தடவை பேட்ஜ் கிடைக்காம மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு வந்தீங்க. இன்னொரு தடவை அதைப் பாக்க எனக்குத் தெம்பில்ல.

— சித்தப்பாவையே விடாதவங்க, என்னை டிக்கெட் இல்லாம விடப் பாக்குறீங்களா?

— முப்பது வருஷத்துல ஒரே ஒரு ஆளைத்தான் விடுறேன், அதையும் கெடுக்காதீங்க. கையை இறக்குங்க மாப்பிள்ளை. சொன்னாக் கேளுங்க!

— ஜட்ஜ்! ரெண்டாம் டேபிளுக்குக் கொஞ்சம் வாங்க. இங்க ஒரு தப்பு நடந்திருக்கு. பண்ணது ஜட்ஜ்.