மூன்றாம் மணிக்கான கட்டம்

கை குலுக்கும் முன் கையைத் துடைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால்தான் மருந்துக் கம்பெனி மேலாளரோடு மூன்று மணி நேரம் ஒட்டிக்கொண்டு நின்றேன். காயத்தை மூடும் புதுப் பசையை அவருக்குச் செய்து காட்டப்போய், குழாயைக் கொஞ்சம் அதிகமாக அழுத்திவிட்டேன். அதே கையை நீட்டி, "வாங்க" என்றேன். அவரும் மரியாதை தெரிந்தவர், பிடித்தார். அப்புறம் விடத்தான் முடியவில்லை. ஜோடியாகச் சாப்பிட்டோம். கழிப்பறைக்கும் ஜோடியாகத்தான் போனோம். மனிதர் கோபப்படவில்லை. "இப்படி ஒட்டுற சரக்குதாங்க எங்களுக்கு வேணும்" என்று அன்றைக்கே ஒப்பந்தத்துக்குத் தலையாட்டிவிட்டார்.

மூன்றாம் மணி முடியப்போகும்போது கைகள் தாமாகவே விட்டன. எல்லோரும் சிரித்தோம். பசையைக் கண்டுபிடித்தவர் மட்டும் சிரிக்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார்.

அவரை நாங்கள் முனைவரம்மா என்போம். என்னை அவர் தரகரே என்பார். தப்பில்லை, ஐயா, பல்கலைக்கழகத்தில் என் வேலை அதுதான். பேராசிரியர்கள் கண்டுபிடித்து அலமாரியில் பூட்டி வைப்பதை வெளியே எடுத்து, காப்புரிமை வாங்கி, செய்து விற்கக்கூடிய கம்பெனி ஒன்றின் கையில் பிடித்துக் கொடுப்பது. பதினோரு வருடத்தில் ஒன்றுகூடக் கரைசேரவில்லை. தானாக மடங்கும் குடை மடங்கியதோடு சரி, அப்புறம் விரியவே இல்லை. வரும் திங்கட்கிழமை இந்த ஒப்பந்தமும் கையெழுத்தாகாவிட்டால் என் பிரிவை மூடிவிடுவதாகத் துணைவேந்தர் சொல்லியிருந்தார். அதற்காகச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் ரத்தம் போயே சாகிறவர்களை நினைத்துத்தான் செய்தேன். எனக்கு இளகிய மனசு. சோதனைக்கு வந்த ஆட்டுக்குக் கேரட் வாங்கிக் கொடுத்தவன் நான் ஒருவன்தான்.

சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்குள் ஆய்வகத்துக்கு வரச் சொன்னார் முனைவரம்மா. விடுமுறை; வேறு யாரும் இல்லை. எஃகு மேசையில் அந்த ஆடு கிடந்தது. மேசை ஓரத்திலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

"மயக்கத்திலேயே போயிடுச்சு" என்றார். "ரெண்டு மணி நேரம் கல்லு மாதிரி பிடிச்சிருந்துச்சு. மூணாவது மணியில மொத்தமா விட்டுடுச்சு, தரகரே. உடம்புச் சூட்டுல நிக்க மாட்டேங்குது."

"இத்தனை நாளா தெரியலையா?"

"எப்படித் தெரியும்? இறைச்சிக் கடையில வாங்கின குளிர்ந்த தோல்லதானே போட்டுப் பார்த்தோம். அதுவும் உங்க சோதனைப் படிவத்துல ரெண்டு மணி நேரம் வரைக்கும்தான் கட்டம். கட்டம் முடிஞ்சதும் உதவியாளர் எல்லாத்தையும் எடுத்துக் கழுவி வெச்சுடுவார்."

படிவத்தை அச்சடித்தவன் நான். மூன்றாம் மணிக்கும் கட்டம் போட்டால் அடுத்த பக்கம் போகிறது. ஒரே பக்கத்தில் முடிந்தால் பார்க்க லட்சணமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

"திங்கட்கிழமை கையெழுத்தாகட்டும். அப்புறம் சரிபண்ணிக்கலாம்" என்றேன்.

"அதுக்குள்ள யாராவது ஒருத்தர் கழுத்துல போட்டுட்டா? கம்பெனிக்குக் கடிதம் எழுதிட்டேன். அனுப்பிட்டுக் கிளம்பறேன்."

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்பாங்க. நான் கேக்கறது ஒரே ஒரு பொய், மேடம்."

"பொண்ணு மூணு மணி நேரத்துல செத்துடும்னு தெரிஞ்சுமா?"

சிரித்துவிட்டேன். நல்ல பதில், ரசிக்கத்தான் செய்தேன். அவர் கணினிப் பக்கம் திரும்பியதும், குடுவைகளைப் பிடித்து நிறுத்தும் இரும்புத் தாங்கியை எடுத்து, அதன் அடிப்பாகத்தால் காதுக்குப் பின்னால் அடித்தேன். முதல் அடியில் மேசையைப் பிடித்துக்கொண்டார். இரண்டாம் அடியில் விரல்கள் விட்டன. மூன்றாவது தேவையில்லைதான்; ஓங்கிய கை நிற்கவில்லை. அது கழுத்தோரத்தைக் கிழித்துவிட்டது. ரத்தம் பீய்ச்சி என் மூக்குக்கண்ணாடியில் அடித்தது.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தபோது மனசு கேட்கவில்லை. பசைக் குழாய் பக்கத்திலேயே இருந்தது. கிழிசலை இரண்டு விரலால் சேர்த்துப் பிடித்துப் பூசினேன்; அப்போது மணி ஒன்று. ரத்தம் நின்றது. சொக்கத்தங்கம் ஐயா, அந்தச் சரக்கு.

பத்து நிமிடத்தில் கண் விழித்தார். "ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க" என்றார். குரல் தெளிவாக இருந்தது. அந்தக் குரல்தான் எனக்கு நம்பிக்கை கொடுத்தது. ஆட்டில் நிற்காவிட்டால் என்ன, மனித உடம்பில் நிற்கலாம் அல்லவா?

"கொஞ்சம் பொறுங்க மேடம். நல்லாத்தானே பிடிச்சிருக்கு" என்றேன்.

படிவம் ஒன்றை எடுத்து, அளவுகோல் வைத்து, மூன்றாம் மணிக்கு ஒரு கட்டம் போட்டேன். நாலு மணியைத் தாண்டிவிட்டால் அந்தக் கடிதத்துக்கே வேலையில்லை. ஒப்பந்தமும் ஆகும், அவரும் பிழைப்பார், நானும் மன்னிப்புக் கேட்டுக்கொள்வேன். அவரோ எழுந்திருக்கப் பார்த்தார். ஆட்டைக் கட்டியிருந்த வாரை அவிழ்த்து அவர் மணிக்கட்டுகளை மேசைக் காலோடு சேர்த்துக் கட்டினேன். காயம் அசையக் கூடாது.

அவருடைய போன் அடித்தது. 'தம்பி' என்று காட்டியது. எடுக்காவிட்டால் பயந்துபோவார் என்று எடுத்தேன்.

"அக்கா எங்கங்க? சாப்பிடாம உக்காந்திருக்கோம்."

"ஒரு சோதனையில இருக்காங்க தம்பி. பாதியில விட முடியாது. நீங்க சாப்பிடுங்க."

என் இன்னொரு கை முனைவரம்மாவின் வாயை மூடியிருந்தது. கடித்துவிட்டார். நேற்று நீங்கள் படம் எடுத்துக்கொண்ட தழும்பு அதுதான்.

முதல் மணி, கசிவில்லை. இரண்டாம் மணி, கசிவில்லை. எழுதும்போது எனக்கு உள்ளூரச் சந்தோஷம், மறைப்பானேன். மூன்றாம் மணியில் மூடி கழன்றாற்போல் விட்டது. இரண்டு கையாலும் அழுத்தினேன். விரலிடுக்கில் வந்துகொண்டே இருந்தது. நாலு மணிக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது அவர் கால்கள் உதைப்பதை நிறுத்தின. அதையும் கட்டத்தில் எழுதினேன். எழுத்து கோணலாக இருக்கிறதே என்று கேட்டீர்கள்; பேனா வழுக்கியது, வேறொன்றுமில்லை.

அடித்தது நான்தான். மூன்று அடி, மறுக்கவில்லை. அந்த அடியிலேயே போக வேண்டியவருக்கு மூன்று மணி நேரம் கூட்டிக் கொடுத்தவனும் நான்தான் என்று சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். பிணத்தை அறுத்துப் பார்த்த மருத்துவரிடம் இதைக் கேட்டேன். "அறிக்கையில வரும்" என்றார். வக்கீலிடம் கேட்டேன், "அந்தப் பேச்சையே எடுக்காதீங்க" என்றார். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன், ஐயா. நான் பசை போடவில்லை என்றால் அவர் அப்போதே போயிருப்பார்தானே?

எதிரே இருந்த விசாரணை அதிகாரி எழுதுவதை நிறுத்தினார்.

"எலும்பு உடையல. ரெண்டு தெரு தள்ளி ஆஸ்பத்திரி. அவங்க கூப்பிடச் சொன்னப்போ கூப்பிட்டிருந்தா, தையல் போட்டு ரெண்டு நாள்ல வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க" என்றார்.