நூல் நனைக்கும் கிண்ணம்

— கத்தரியை மேசையிலயே வை. என் கையில தராதே.

— வெச்சாச்சு மாஸ்டர். யாரும் தொடக்கூடாதுன்னு நீங்க சிவப்பு நூல் கட்டின பாவப்பட்ட கத்தரி, அது பாட்டுக்குக் கிடக்கட்டும். எல்லாரும் சாப்பிடப் போயாச்சு. என்னை மட்டும் எதுக்கு நிறுத்தி வெச்சிருக்கீங்க? விஷயத்தைச் சொல்லுங்க.

— பொதுவாச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதே. நாளையில இருந்து நீ வேலைக்கு வராதே.

— அடேங்கப்பா! இதைச் சொல்லத்தானா இவ்வளவு தூரம் தள்ளி நின்னு தொண்டையைச் செருமினீங்க? ஏன் வரக்கூடாது? பொத்தானைக் கோணலாத் தெச்சேனா?

— வேலையில உன்னை ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா உனக்கு இருக்கிற அந்த... அந்த வியாதி.

— பேரைச் சொல்லலாம் மாஸ்டர், சொன்னா நாக்குல ஒட்டிக்காது. எச்.ஐ.வி. எங்க, ஒரு தடவை சொல்லுங்க பார்ப்போம்.

— விளையாடாதே. உன் நாத்தனார் கடை வாசல்ல வந்து அதைச் சொல்லிக் கத்திட்டுப் போனதுல இருந்து இங்க ஒருத்தருக்கும் நிம்மதி இல்ல. பொத்தானுக்குக் காஜா போடற அக்கா உன் நாற்காலியில உட்கார மாட்டேங்கறாங்க. அயர்ன்காரர் நீ தெச்ச துணியை ரெண்டு தடவை தேய்க்கிறார்.

— அந்த மனுஷன் ஒரு தடவையே ஒழுங்காத் தேய்க்க மாட்டார். என் புண்ணியத்துலயாவது மடிப்பு நேரா விழட்டும். உங்க காஜா அக்கா கதையைக் கேளுங்க. வழுக்குத் துணி வெட்டணும்னா, நான் தண்ணி குடிக்கப் போற நேரமாப் பார்த்து என் கத்தரியைத்தான் எடுக்கிறாங்க. யாரும் தொடாம இருக்கறதால இந்தக் கடையில கூரா இருக்கறது அது ஒண்ணுதான். வெட்டி முடிச்சுட்டு முழங்கை வரைக்கும் சோப்பு போடுவாங்க பாருங்க, சிரிப்பை அடக்கறதுக்குள்ள எனக்கு உயிர் போயிடும்.

— உனக்கு எல்லாமே கேலிதான்.

— வேற என்ன செய்யச் சொல்றீங்க? அழுதும் பார்த்தாச்சு. புருஷன் கொண்டுவந்து கொடுத்துட்டுப் போய்ச் சேர்ந்தார். அவரைப் பத்தி ஒருத்தர் வாய் திறக்கலையே! ‘நல்ல மனுஷன்’னு சொல்லிக் கண்ணைத் துடைச்சுக்கிட்டீங்க. நூல் கட்டினது என் கத்தரிக்குத்தான்.

— நூலை எச்சில் பண்ணிக் கோக்கிறவ நீ. அந்த எச்சில் துணியில படும், துணி ஊரெல்லாம் போகும். நாலு பேருக்கு நல்லதுன்னுதான் நூலை நனைச்சுக்க உனக்குக் கிண்ணத்துல தண்ணி வெச்சுக் கொடுத்தேன்.

— எச்சில்ல வராது. தொட்டா வராது. ஒரே தட்டுல சாப்பிட்டாலும் வராது. சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்குது. உங்க மண்டைக்குள்ள என்ன, தோள்பட்டைக்கு வைக்கிற பஞ்சா? என் மகன் என் தட்டுல இருந்து பிடுங்கித் தின்றவன். நான் கடிச்ச மிட்டாய்ல பாதி அவனுக்கு. டெஸ்ட் எடுத்துப் பார்த்தாச்சு, அவனுக்கு ஒண்ணும் இல்ல. நானும் மாத்திரை போட்டுக்கிட்டு உங்க எல்லாரையும் விட நல்லாத்தான் இருக்கேன்.

— முத்தம்... முத்தமெல்லாம் கொடுப்பியா அவனுக்கு?

— இது என்ன கேள்வி? பெத்த பிள்ளைக்கு முத்தம் கொடுக்க உங்ககிட்ட வந்து அளவு எடுத்துக்கணுமா?

— சும்மா, பொதுவாக் கேட்டேன்.

— உங்க பொதுவை மடிச்சு அலமாரியில வைங்க. நான் நாளைக்கும் வருவேன், அடுத்த நாளும் வருவேன்.

— பிடிவாதம் பிடிக்காதேம்மா. முதலாளியம்மா என்ன சொல்லிட்டாங்க தெரியுமா? நீ இங்க இருக்கிற வரைக்கும் எல்லாரும் ரத்தம் டெஸ்ட் பண்ணிக்கணுமாம். நாளைக்குக் காலையில ஆள் வருது. ரிசல்ட் நேரா அவங்க கைக்குப் போகும். நீ போயிட்டா அதுக்கு அவசியமே இல்ல.

— எடுக்கட்டுமே. உங்களுக்கு என்ன வந்துது?

— எனக்கா? எனக்கு ஒண்ணுமில்ல. மத்தவங்க சங்கடப்படறாங்க, அதான்.

— எந்த மத்தவங்க? ‘எடுக்கட்டும், அப்பதான் நாம சுத்தம்னு தெரியும்’னு காஜா அக்கா காலையில இருந்து தம்பட்டம் அடிக்கிறாங்க. அப்படியே சர்க்கரையும் பார்த்துச் சொல்வாங்களான்னு அயர்ன்காரர் விசாரிச்சுக்கிட்டிருக்கார். வேர்த்துக் கொட்டறது உங்க ஒருத்தருக்குத்தான்.

— ஃபேன் ஓடலை.

— அப்போ உங்க தலைக்கு மேல சுத்தறது என்னவாம்?

— நீ போயிடும்மா. வேற கடையில நானே சொல்லி வேலை வாங்கித் தரேன். உனக்குப் புண்ணியமாப் போகும்.

— அதிகாரம் போய் இப்ப கெஞ்சல் வந்துடுச்சா? சரி, ஒண்ணு கேக்கறேன். இந்தக் கிண்ணம் எனக்கு மட்டும்தானே?

— ஆமா. மத்தவங்க யாரு அதைத் தொடுவாங்க?

— நான் இந்த வாரம் பூரா வெள்ளைச் சட்டைக்குத்தான் பொத்தான் தெச்சேன். இதுல கறுப்பு நூல் துணுக்கு எப்படி மிதக்குது? கறுப்புக் கோட்டு தெக்கறது நீங்க ஒருத்தர்தானே?

— காத்துல பறந்து வந்து விழுந்திருக்கும்.

— நேத்தும் கிடந்துது, முந்தாநாளும் கிடந்துது. தினமும் அதே காத்தா? நூலை நாக்குல வெச்சு இழுத்து ஒரே குத்துல ஊசியில ஏத்தற ஆளு நீங்க. வாய் நிறையக் குண்டூசியைக் கவ்விக்கிட்டே எங்களைத் திட்டுவீங்க, எங்களுக்குப் பாதி புரியாது. இப்ப குண்டூசியெல்லாம் காலர்ல குத்தியிருக்கு. டீ வந்தா வயிறு சரியில்லைங்கறீங்க. சாயங்காலம் உங்க பொண்ணு பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்து காலைக் கட்டிக்கிட்டா, ‘தள்ளிப் போ, அப்பா மேல எல்லாம் பிசிறு’ங்கறீங்க. அது முகம் தொங்கிப்போய் வாசல்ல நிக்குது. என்ன மாஸ்டர், தரையையே பார்க்கறீங்க?

— குண்டூசி ஒண்ணு விழுந்துடுச்சு.

— விழலை. காலர்லதான் இருக்கு. சரி, விடுங்க. நான் எதையும் கேக்கல, நீங்களும் எதையும் சொல்ல வேண்டாம். நாளைக்கு ஊசியோட ஆள் வந்தா முடியாதுன்னு முதல்ல சொல்றது நான்தான். கட்டாயப்படுத்தி யார் ரத்தத்தையும் எடுக்க முடியாதுன்னு தெருவே கேக்கிற மாதிரி கத்தறேன். என் நாத்தனார் கத்தினதெல்லாம் ஒண்ணுமில்லைன்னு ஆகிடும். எல்லாரும் என்னைத்தான் பார்ப்பாங்க. பின்னாலேயே நீங்களும் முடியாதுன்னு சொல்லிட்டு வேலையைப் பாருங்க.

— உன்னை இவ்வளவு பேசினேனே...

— பேசினீங்க. நான் மறக்க மாட்டேன், அந்தச் சந்தேகமே உங்களுக்கு வேண்டாம். கத்தரியில இருக்கிற நூலை நீங்க கட்டினீங்க, நீங்களே எல்லார் முன்னாலயும் அவுக்கறீங்க. இப்ப நான் சாப்பிடப் போறேன், பசி உயிர் போகுது.

— இரும்மா.

— இன்னும் என்ன?

— உன் மகன் விஷயம்... நிஜமாவே ஒண்ணும் ஆகாதுல்ல? என் பொண்ணு ராத்திரி தூங்கறதுக்கு முன்னால கன்னத்தைக் காட்டிக்கிட்டே நிக்கிறாம்மா. நான் கொடுக்கலாமா?