நத்தையை நம்பி நூற்றுப் பதிமூன்று

எனக்குப் பூனை ஆகாது. பக்கத்தில் வந்தாலே தும்மல் பிடித்துக்கொள்ளும். ஆகவே புலியோடு எனக்குக் கூட்டு எதுவும் இருந்ததில்லை என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

இந்த மிருகக்காட்சிசாலையின் கணினியை இருபத்திரண்டு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். டிக்கெட் கவுண்டர், நீர்யானைக் குளத்து மோட்டார், கூண்டுக் கதவுகள் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பேக்கேஜ், அதாவது ஒரு மென்பொருள் பொட்டலம். ஒன்று இல்லாமல் இன்னொன்று ஓடாது. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டி, 'இந்தப் பேக்கேஜை நம்பி இருப்பது யார்?' என்று கேட்டால் பெயர்களை வரிசையாகச் சொல்லிவிடும். ஒரு பெயரும் வராவிட்டால் அது தண்டச்சோறு, நீக்கிவிடலாம். மனிதர்களிடம் இவ்வளவு நேர்மையான பதிலை நான் வாங்கியதில்லை.

புது இயக்குநர் வந்த வாரமே அதைச் செய்துகாட்டச் சொன்னார். ரொம்பவும் பிடித்துப்போயிற்று. "ஆளுங்களையும் இப்படிக் கேக்க முடிஞ்சா எவ்வளவு நல்லா இருக்கும்" என்றவர், என் நாற்காலியிலேயே உட்கார்ந்து என் பட்டப்பெயரைத் தட்டினார். நத்தை. அப்படி ஒன்று இல்லை என்றது கணினி.

"பாத்தீங்களா, மிஷினே சொல்லிடுச்சு. மாசக் கடைசியோட நீங்க ஓய்வெடுத்துக்கலாம்."

குரங்குக் கூண்டு கழுவுகிறவர் முதல் டிக்கெட் கிழிக்கிறவர் வரை சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்றே ஒரு பேக்கேஜ் செய்தேன். பெயர் நத்தை. உள்ளே ஒன்றும் கிடையாது. மற்ற பேக்கேஜ்கள் ஒவ்வொன்றிலும், 'நத்தை இல்லாமல் ஓடமாட்டேன்' என்று ஒரு வரி சேர்த்தேன். தினமும் வந்தவுடன் கேட்பேன்: நத்தையை நம்பி யார்? நூற்றுப் பதிமூன்று பெயர்கள். பென்குயின் அறையின் குளிர், ஒட்டகச்சிவிங்கியின் தீவன நேரம், எல்லாம் என்னை நம்பி. கண் கலங்கிவிடும்.

"என்னங்க, கொஞ்ச நாளா முகத்துல ஒரு களை?" என்று மனைவி கேட்டாள்.

"என்னை நம்பி நூத்திப் பதிமூணு பேர் இருக்காங்க."

"நானும்தான் நேத்து உங்கள நம்பி பாலை அடுப்புல வெச்சேன். பொங்கி ஊத்திடுச்சு" என்றாள்.

மாதக் கடைசி நாள் என்பது இன்றுதான். வார விடுமுறை, பார்வையாளர்கள் இல்லை. கேள்வி கேட்கும் கட்டளையை இயக்குநரும் கற்றுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பேக்கேஜுக்குள்ளும் தலையை விட்டுப் பார்ப்பார். காலை பத்து மணிக்கு வந்தார்.

"இந்த நத்தைக்குள்ள ஒண்ணுமே இல்லையே. தூக்கிடுங்க."

"சார், நிறைய பேர் அத நம்பி இருக்காங்க."

"வெத்துப் பொட்டலத்த எவன் நம்புவான்? நான் ஒரு சுத்து சுத்திட்டு வர்றதுக்குள்ள அது இருக்கக் கூடாது."

மேலதிகாரியின் உத்தரவை நான் மீறியதே இல்லை. நீக்கும் கட்டளையைத் தட்டினேன். 'இதோடு இந்த நூற்றுப் பதிமூன்றும் போய்விடும். தொடரலாமா?' என்று கேட்டது. யாரும் அந்தப் பட்டியலைப் படிப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஆம் என்று தட்டுவார்கள். நான் அப்படிப்பட்டவன் இல்லை, ஒரு வரி விடாமல் படித்தேன். எண்பத்தொன்றாவது வரியில் புலிக் கூண்டுக் கதவு இருந்தது. அந்தப் பேக்கேஜ் போய்விட்டால் கதவு தானாகத் திறந்துகொள்ளும். தீப்பிடித்தால் மிருகம் உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக எல்லாக் கூண்டுக்கும் நானே செய்துவைத்த ஏற்பாடு அது.

பென்குயின்கள் டிக்கெட் கவுண்டரில் வரிசையாக நின்றன என்கிறார்கள். வேலைக்காரர்கள் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. இயக்குநரின் டீக் கோப்பை உடையாமல் கிடைத்தது, மூக்குக் கண்ணாடியும் கிடைத்தது. மற்றதைப் புலியிடம்தான் கேட்க வேண்டும்.

பட்டியலைப் படிக்க அரை மணி நேரமா என்று கேட்கிறீர்கள். நத்தை என்றாலும் ஐந்து நிமிடத்தில் படித்து முடித்துவிட்டேன். அவர் பத்தரைக்குத்தான் டீயும் கையுமாகப் புலிக் கூண்டு முன்னால் வந்து நிற்பார். அதுவரை சும்மா உட்கார்ந்திருந்தேன். பத்தரை ஆனதும் ஆம் என்று தட்டினேன்.

கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. ஆனால் பத்தரை மணியிலிருந்து அத்தனை பேரும் என்னைத்தானே தேடினார்கள், அதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள், ஐயா.