அடிவாரத்தில் ஒரு ஓலைக் கொட்டகை

கந்தப்பன் விடிந்ததும் எழுந்தான். பல் விளக்கினான். பழைய சாமைச் சோற்றில் மோர் ஊற்றிக் குடித்தான். பள்ளிக்கூடச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்தான். கொல்லிமலை வாழவந்தி நாட்டிலிருந்து இறங்கி, அடிவாரத்துத் தபாலாபீசில் டவுனுக்கு டிரங்க் கால் கேட்டுவிட்டு உட்கார்ந்தான். வெகு நேரம் கழித்து மணி அடித்தது.

"ஹலோ... சுகாதார ஆபீசுங்களா?... கொல்லிமலை வாத்தியார் கந்தப்பனுங்க... ஆமாங்க, ஆமாங்க, மனுப் போட்டவன்தான்... சண்டைக்காலம்னு போன மனுவைத் தள்ளுனீங்க. சண்டைதான் முடிஞ்சு போச்சுங்களே...

"இல்லீங்க, டாக்டர் கேக்கலீங்க. அடிவாரத்துப் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல ஒரு ஓலைக் கொட்டகை. மாசம் நெருங்குன மலைப் பொம்பளைங்க வந்து தங்கறதுக்கு. அவ்வளவுதானுங்க... மூங்கில் நாங்களே வெட்டிக் கொண்டாறோம்...

"என்னங்க?... கட்டுனாலும் வரமாட்டாங்களா? யாரு சொன்னது?... உங்க ரிப்போர்ட்டுலயா... அதை வெச்சுத் திங்கக்கிழமை மீட்டிங்குல மறுபடி தள்ளிருவீங்க... சரிங்க."

ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினான்.

"எம் பொண்டாட்டி வந்தாளுங்க. பாவாயி. போன மாசம்... நடந்துதான். மலையில ரோடு எங்கீங்க இருக்குது?... வலி எடுத்தப்பறம் வரச் சொல்லிட்டாங்க. அதான் சட்டமாமுங்க... நர்ஸம்மாவைக் குத்தஞ் சொல்லலீங்க, இருக்கறதே ஆறு கட்டில். தங்க எடமில்லை. மறுபடி மலையேறிட்டோம்...

"நாலாம் நாள் வலி. தூளி கட்டித் தூக்கிட்டு எறங்குனோம்... பாதி வழியிலீங்க... ஆமாங்க... கொழந்தையும்தான்... அதெல்லாம் வேண்டாமுங்க. ரிப்போர்ட்டை மாத்துங்க, போதும்.

"ஆங்?... படிப்பா? இன்டர்மீடியட்டுங்க... ஆமாங்க, மலைக்காரன்தான். ஏனுங்க, நாங்க படிக்க மாட்டோம்னும் அதுல எழுதியிருக்குதுங்களா?

"...சிரிக்காதீங்க. மூணு நிமிசம் ஆச்சுன்னு போஸ்டு மாஸ்டர் கையக் காட்டறாரு... திங்கக்கிழமை நானே வாரேனுங்க. மீட்டிங்குல அவங்க முன்னாடி சொல்றேன்...

"சாட்சியா? தூளியில முன்கொம்பு நான்தானுங்க தூக்குனேன்... இல்லீங்க. வரமாட்டேன்னு அவ எந்த எடத்துலயும் சொல்லலீங்க... அப்பறம் என்ன சொன்னாளா?... கடைசியாவா?"

போஸ்டு மாஸ்டர் கையை இறக்கிக்கொண்டார்.

"எழுதிக்குங்க. இதுக்கப்பறம் அவ பேசலீங்க... 'ஏனுங்க, இப்பப் போனாச் சேத்துக்குவாங்களா?'"